சும்மா விழுகிற பிரேக்கர்

நடைக்கூடத்தில் 'டொக்' என்றது. அவ்வளவுதான், தையல் மெஷின் நின்றுவிட்டது. மகளின் அறையில் உட்கார்ந்து அவள் ஒரு சட்டைக் கையை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வளைவு முடிய இன்னும் நாலு விரல் அகலம்தான் பாக்கி. ஊசி துணிக்குள் இறங்கின இடத்திலேயே மாட்டிக்கொண்டது. மின்விசிறி சுற்றின வேகத்துக்குக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்தது. பக்கத்துப் பலகைமேல் இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்துபோயிருந்தது. அவள் மிதியிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் கத்திவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது.

“மறுபடியும் போட்டுட்டியா?” முன்னறையிலிருந்து மாமியார் கேட்டாள்.

போட்டுட்டியாவாம். என்னவோ இவள் மெனக்கெட்டு எழுந்துபோய்த் தட்டிவிட்டு வந்த மாதிரி.

“அதுவா விழுந்துச்சு அத்தை.”

“அதுவா எப்படி விழும்? நீ அந்த மெஷினை ஓட்டுறே, அது விழுது. ஊர்ல எல்லார் வீட்லயும் பிரேக்கர் இருக்கு. எல்லார் வீட்லயுமா விழுது?”

பதில் சொன்னால் மத்தியானம் வரைக்கும் போகும். அவள் எழுந்து நடைக்கூடத்துக்குப் போனாள். மெயின் பாக்ஸின் மூடியைத் திறந்தால் வரிசையாகக் கறுப்பு லீவர்கள். எல்லாம் சமர்த்தாக மேலே பார்த்துக்கொண்டிருக்க, மகளின் அறைக்கு உரியது மட்டும் பாதியில் தலைகுனிந்து நின்றது. அந்த லீவரைச் சுற்றிப் பழைய டேப்பின் பசை இன்னும் பிசுபிசுத்தது. அது அவள் கணவனின் கைங்கரியம். போன மாதம், இது விழாமல் இருக்கட்டும் என்று லீவரை மேலே தூக்கி, டேப் போட்டு இறுக்கி ஒட்டிவைத்தான். லீவர் விழவில்லை, உண்மைதான். அந்த அறையில் கரண்ட் மட்டும் போய்விட்டது. லீவர்தான் மேலே இருக்கிறதே, ஒரு ஃபேஸ் போயிருக்கும் என்று வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தான், எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. பிறகு அரை நாள் மின்சார அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். இந்த வகைப் பிரேக்கரை வெளியே கையால் பிடித்துக்கொண்டாலும் உள்ளே அது தன் வேலையைச் செய்துவிடும் என்று அண்ணனிடம் போனில் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்கும் அவளைத்தான் முறைத்தான்.

அண்ணன் என்றால் அவளுக்கு மூத்தார். அவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். எலக்ட்ரீஷியன். சொந்தமாக வேன் வைத்து, ஊர் முழுக்க வயரிங் செய்கிறவர். இந்த வீடு கட்டியபோது தம்பிக்காகத் தன் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, சுவரைக் கொத்தினதிலிருந்து பல்பு மாட்டினது வரை அவரே செய்தார். நல்ல மனிதர், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ இரண்டில் ஒன்று பார்த்திருப்பாள். குடிவந்த அன்றைக்கு இந்தப் பாக்ஸின் முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து அவர் ஒரு பிரசங்கமே செய்தார். “இந்த ரெண்டும் சாதாரணப் பிரேக்கர் இல்லை, ஆர்க் பிரேக்கர். இந்த ரெண்டு படுக்கை ரூமுக்கு. சாதாரணப் பிரேக்கர் லோடு ஜாஸ்தி ஆனாத்தான் விழும். இது அப்படி இல்லை. வயர்ல எங்கயாச்சும் லூசா இருந்து பொறி தட்டிச்சுன்னு வையி, அது தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே மோப்பம் புடிச்சு விழுந்துடும். சட்டம் போட்டுட்டான், மாட்டித்தான் ஆகணும்.” மாமியாருக்கு அன்றைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. என் பிள்ளை என் பிள்ளை என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள்.

அதே பிரேக்கர் விழ ஆரம்பித்ததும் எல்லாருக்கும் அது எதிரியாகிவிட்டது. “அது சும்மா விழுது,” என்றார் மூத்தார் போனில். “அந்த வகையே அப்படித்தான். தையல் மெஷின் மோட்டார்ல லேசாப் பொறி வரும். அதைப் பார்த்து ஏமாந்து விழும். சும்மா.” கணவன் அதைப் பிடித்துக்கொண்டான். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். சும்மா, சும்மா, சும்மா. அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்து உட்கார்ந்து பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைத்துத் தள்ளுகிறாள். யாராவது வந்து மருமகள் என்ன பண்றா என்று கேட்டால், வீட்ல சும்மாதான் இருக்கா என்று மாமியார் வாய் கூசாமல் சொல்வாள். தைப்பது சும்மா. பிரேக்கர் விழுவதும் சும்மா. அவள் ஏதாவது கேட்டுக் குரல் உயர்ந்தால், “சைரன் ஆரம்பிச்சிடுச்சுடா,” என்று மூத்தார் சிரிப்பார். அவர்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது. இப்போது அவர் பிள்ளைகள்கூட சைரன் சித்தி என்றுதான் சொல்கின்றன. அவள் கோபத்துக்கும் காரணம் எதுவும் கிடையாதாம், அதுவும் சும்மாதான் வருமாம்.

லீவரை முழுக்கக் கீழே தள்ளி, பிறகு மேலே ஏற்றினாள். அறையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பாக்ஸின் முன்னால் அப்படியே நின்று யோசித்தாள். முந்தாநாள் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டபோது விழுந்தது. அன்றைக்கு மெஷினின் உறையைக்கூடக் கழற்றவில்லை. அதற்கு முந்தின வாரம் மழைக்கு ஈரமான காலுறையை இஸ்திரி போட்டுக் காயவைத்தபோது விழுந்தது. அன்றைக்கும் மெஷின் ஓடவில்லை. ஓடும்போது விழுந்த நாளெல்லாம் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டுதான் இருந்தது. அது வாயே திறக்காது. மெஷின்தான் கடகடவென்று கத்தும். கத்துகிறதன்மேல் பழியைப் போட்டுவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பி வந்தாள். மெஷினின் தலையை மிதியோடு கழற்றிக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு மாமியாரின் அறைக்குள் நுழைந்தாள். அந்த அறைக்கும் அதே ஆர்க் பிரேக்கர்தான், பிரசங்கத்தில் சொன்ன இரண்டில் மற்றது.

“இங்க என்னடி பண்றே? நூலும் துணியுமா என் ரூமைக் குப்பை ஆக்காதே.”

“கூட்டிடறேன் அத்தை.”

மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே பிளக் பாயிண்டில் மாட்டினாள். பாதியில் நின்ற கையை முடித்தாள். மற்றக் கையை வைத்தாள். காலர் வைத்தாள். ஒவ்வொரு மடிப்பையும் சுடச்சுட அழுத்தினாள். மிதியை வேண்டுமென்றே விட்டுவிட்டு அமுக்கினாள், மெஷின் அலறியது. ஒரு முழுச் சட்டை முடிந்து அடுத்ததில் பாதி தைத்தும் நடைக்கூடத்தில் சத்தமில்லை. மாமியார் வாசல்படியில் நின்று, கையைப் பிசைந்துகொண்டு பார்த்தாள். பிறகு இவள் இஸ்திரிப் பெட்டியை மட்டும் எடுத்துப்போய் மகளின் அறையில் மாட்டி, சூட்டை முழுக்கத் திருகிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி சூடேறி முடிவதற்குள் 'டொக்'.

“பார்த்தீங்களா அத்தை? இஸ்திரிப் பெட்டியில மோட்டாரா இருக்கு?”

“எனக்கென்னடி தெரியும் அதெல்லாம். பெரியவன் வரட்டும்.”

“வரட்டுமா? எப்ப வர்றாரு?”

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கணவன் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறான். லீவு நாள்தானே, வந்து அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரணப் பிரேக்கராக மாட்டிவிடு என்று சொல்லியிருக்கிறான். அவரும் சரி என்றிருக்கிறார். இவளுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணவன் பின்பக்கம் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். அவள் போய்க் குழாயை மூடினாள்.

“உங்க பொண்ணு ரூம்ல சுவத்துக்குள்ள எங்கயோ பொறி தட்டுது. மெஷின் இல்லை. நான் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“அண்ணன் வர்றாரு இல்ல, பார்த்துக்குவாரு.”

“அவரு பார்க்க வரலை. கழட்ட வர்றாரு.”

“ஏய், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? அவரு கையால போட்ட வயரு. அதுல போய்த் தப்புன்னா அவரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது? பத்து நிமிஷ வேலை. முடிஞ்சா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

அவனுக்கு நிம்மதி வேண்டும். விழாமல் இருந்தால் போதும். உள்ளே என்ன நடந்தால் என்ன? இவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மனசு நோகக் கூடாது என்பதில் அவனுக்கு இருக்கிற அக்கறையைப் பார்க்கப் பார்க்க, குழாயை அவன் தலைமேல் திறந்துவிடலாமா என்று கை பரபரத்தது. மகள் எதிர்வீட்டுப் பெண்ணோடு விளையாடப் போயிருந்தாள். நல்லவேளை, இல்லாவிட்டால் அம்மாவின் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவளும் கற்றுக்கொண்டிருப்பாள்.

மூத்தார் வந்தார். வழக்கம்போல வாசலிலேயே குரல். வழக்கம்போல மாமியார் முகம் மலர்ந்து, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள். அவர் பையைத் திறந்து ஒரு புதுச் சாதாரணப் பிரேக்கரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பியை ரசித்துக் குடித்தார். “என்னம்மா, சைரன் இன்னிக்கு சத்தமே இல்லாம இருக்கு?” என்றார். கணவன் கெக்கெக்கே என்று சிரித்தான். அவள் சொல்ல வேண்டியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மெஷினை மாற்றிவைத்தது, பெட்டியை மட்டும் போட்டது, அது விழுந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். குழந்தை கதை சொன்னால் கேட்கிற மாதிரி ம் ம் என்று கேட்டார்.

“இதோ பாரும்மா. இந்தத் தொழில்ல எத்தனை வருஷம் இருக்கேன். முன்னெல்லாம் இந்த ஆர்க் பிரேக்கர் கிடையாது. அப்ப எந்த வீடு எரிஞ்சுது? என்கிட்ட ஒருத்தராவது வந்து சொல்லியிருக்காங்களா?”

“எரிஞ்ச வீட்டுக்காரங்க உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்லுவாங்க மாமா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிப்பு குறைந்தது, ஆனால் கோபப்படவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்கு நடந்தார். அவள் அவருக்கு முன்னால் ஓடிப்போய் மெயின் பாக்ஸின் மேல் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றாள். நின்ற பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. மூடியின் கைப்பிடி முதுகில் குத்தியது.

“தள்ளும்மா.”

“கட்டிலை நகர்த்தி அந்த ரூம் பிளக்கைத் திறந்து பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா நானே இதைக் கழட்டிக் கையில குடுக்கறேன்.”

“ஏய், அண்ணன்கிட்ட என்ன இது? தள்ளு,” என்று கணவன் அவள் தோளைத் தொட்டான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான்.

“பிரேக்கர் ஏமாந்து விழுதும்மா. நான்தான் சொல்றேனே. சும்மா…”

“சும்மா விழுதா? சரி. மாத்துங்க. நான் தள்ளிக்கறேன். மாத்திட்டு, உங்க சின்னப் பையனைக் கூட்டிட்டு வந்து அந்தக் கட்டில்ல படுக்க வைங்க. நான் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுட்டு வெளிய போயிடறேன். நீங்களும் கதவைச் சாத்திட்டு உங்க வீட்டுக்குப் போங்க. பையன் தூங்கட்டும்.”

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். “அடிப்பாவி, என்ன பேச்சுடி பேசுறே? வீட்டுப் பிள்ளையை வெச்சுப் பேசுவியா?” என்றாள். சொல்லியிருக்கக் கூடாதுதான். அந்தச் சின்னவன் அவளிடம் எவ்வளவு ஒட்டுதலாக இருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. மூத்தார் அவளையே பார்த்தார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் ஒருமுறை சுழற்றினார். திரும்பி மகளின் அறைக்குள் போனார்.

கட்டிலை அவரே இழுத்தார். கீழே ஒரு ஒற்றைக் காலுறை, தொலைந்துபோனதாக மகள் ஒரு வாரம் அழுத சிவப்பு ஹேர்பேண்ட், மூக்குடைந்த பென்சில்கள், கத்தை கத்தையாகத் தூசி. சுவரில் தாழ்வாக அந்தப் பிளக் பாயிண்ட். கட்டிலின் தலைமாட்டுப் பலகை தினமும் அதன்மேல் இடித்து இடித்து, ஒரு மூலை சற்று உள்வாங்கி இருந்தது. மூத்தார் அந்த அறையின் கரண்டை நிறுத்தச் சொன்னார். மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளிருப்பதை வெளியே இழுத்தார். அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பார்ப்பதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது, பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை.

வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. ஒரு வயரின் மேலுறை கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக் கறுத்திருந்தது. அவர் அதை ஒரு விரலால் தொட்டார். ஸ்க்ரூவின் பிடியில் நிற்க வேண்டிய வயர் தொளதொளவென்று ஆடியது. எங்கே தொட்டும் தொடாமலும் ஆடுகிறதோ அந்த இடத்தில்தான் பொறி. அந்தப் பாயிண்ட் வழியாகத்தான் அறையின் மற்ற பிளக்குகளுக்கும் கரண்ட் போகிறது. இஸ்திரிப் பெட்டியை எங்கே மாட்டினாலும் கரண்ட் இந்த ஆட்டத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் எதையும் விளக்கவில்லை. விளக்க அவசியமும் இல்லை. அவள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, மரம் பழுப்பேறியிருந்தது. முன்பக்கத்தில் அதே இடத்தில்தான் மகளின் தலையணை.

அவளுக்குக் கத்தக்கூட வரவில்லை. அந்தப் பழுப்பின்மேல் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இறுக்காம விட்டிருக்கு,” என்றார் மூத்தார். யார் விட்டது என்று சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த நேரத்துல ஒரே சமயத்துல நாலு வீட்டு வேலை ஓடிச்சும்மா,” என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

கணவனும் மாமியாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கருகின பிளாஸ்டிக்கைப் பார்த்ததும் மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். “தெய்வம் மாதிரி வந்தேடா பெரியவனே! நீ மட்டும் இன்னிக்கு வரலைன்னா என்ன ஆயிருக்கும்? என் பேத்தியைக் காப்பாத்திட்டே!” கணவன் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டான். தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “ஆமா, கட்டிலுக்குப் பின்னாடி. அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு. கரெக்டா கட்டிலை நகர்த்திப் பார்த்தாரு பாரேன். அவரு கண்ணுக்குத் தப்புமா?”

அவள் தரையிலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள். மூத்தார் ஏதாவது சொல்வார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தாள். அவர் வயரின் கருகின நுனியை வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. இல்லை, நானில்லை, இவள்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவர் அந்த மூச்சை விடவில்லை. இவள் வந்த கோபத்தில் தரையிலிருந்து எழுந்து நின்றாள்.

“ஏம்மா,” என்றார் அவர் பார்க்காமலே. “வேன்ல பின்னாடி ஒரு டிரேயில புதுப் பிளக் இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வந்துடேன்.”

அவள் போனாள். கோபத்தோடு நடந்ததில் ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் கணவனின் செருப்பையும் மாட்டியிருந்தாள். வேனின் பின்கதவைத் திறந்தாள். வயர்ச் சுருள்கள், குழாய்கள், ஏணி. டிரேயில் புதுப் பிளக்குகள் இருந்தன, எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தப்போகும்போதுதான் ஏணிக்கு அடியில் அந்தப் பிளாஸ்டிக் கூடையைப் பார்த்தாள். பழம் அடுக்கிவருகிற கூடை. பாதிக்கு மேல் பிரேக்கர்கள். ஒன்றை எடுத்தாள். முகப்பில், வீட்டு ஆர்க் பிரேக்கரில் இருக்கிற அதே சின்னச் சோதனைப் பட்டன். இன்னொன்றை எடுத்தாள், அதிலும் பட்டன். கூடைக்குள் கையை விட்டு அளைந்தாள். அத்தனையும் அதே வகை. ஆர்க் பிரேக்கர். எதுவும் புதிதில்லை. சிலவற்றில் சுண்ணாம்புத் தெறிப்பு. ஒன்றில் லீவரைச் சுற்றி டேப் பசை, அவள் வீட்டில் இருப்பது போலவே. ஒன்றின் நெற்றியில் ஏதோ ஒரு பிள்ளை ஒட்டின நட்சத்திர ஸ்டிக்கர்.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இது ஒவ்வொன்றும் ஒரு படுக்கையறை. ஒவ்வொன்றும் யார் வீட்டிலோ 'டொக்' என்று விழுந்து சொல்லிப் பார்த்தது. தொல்லை தாங்கவில்லை என்று கழற்றிக் கூடையில் போட்டாயிற்று.

கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மகளின் அறை வாசலில் அவர் காலடியில் வைத்தாள். புதுப் பிளக்கை அதன்மேல் போட்டாள்.

“இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சு மாமா?”

அவர் கூடையைப் பார்த்தார். கையில் இருந்த கட்டரை மூடினார், திறந்தார். “கம்ப்ளைண்ட் வந்த வீடுங்கம்மா. சும்மா சும்மா விழு…” என்று ஆரம்பித்தவருக்கு அதற்குமேல் வரவில்லை. கருகின வயர்த் துண்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“எத்தனை வீட்ல சுவத்தைத் திறந்து பார்த்தீங்க?”

அவர் கருகின வயர்த் துண்டைக் கையில் எடுத்தார்.

“ஒண்ணுலயாவது?”

“கஸ்டமர் கழட்டச் சொன்னா கழட்டறதுதானேம்மா. திறந்து பார்க்கறேன்னா யாரு விடறா? இருட்டுல உக்காந்திருக்கேன், சீக்கிரம் மாத்துய்யாங்கறான்.”

“அத்தை உங்களைத் தெய்வம்னு சொல்லிட்டிருக்காங்க. போன் போட்டு ஊரெல்லாம் சொல்லியாச்சு. கேட்டீங்களா?”

“விடுடி,” என்றாள் மாமியார். “இங்க நல்லபடியா முடிஞ்சுதா, அதோட விடு. அடுத்த வீட்டுக் கதை நமக்கெதுக்கு? அவன் தொழில்ல மண்ணைப் போடாதே.”

“அத்தை, உங்க பேத்தி தலைமாட்டைப் போய்ப் பாருங்க. பார்த்துட்டு வந்து என்னை விடச் சொல்லுங்க.”

மாமியார் போகவில்லை. கணவன் போனைக் காதிலிருந்து இறக்கி, “இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?” என்றான். அந்தக் கேள்வியில் எரிச்சல்தான் இருந்தது. ஆனால் கேட்ட பிறகு அவனும் கூடையைப் பார்த்தான், நட்சத்திர ஸ்டிக்கரைப் பார்த்தான், பார்வையை எடுக்க முடியாமல் நின்றான்.

“மாட்டச் சொல்றேன். எடுத்த இடத்துல திருப்பி மாட்டச் சொல்றேன். மாட்டறதுக்கு முன்னாடி திறந்து பார்க்கச் சொல்றேன்.”

“எந்தெந்த வீடுன்னு யாரும்மா ஞாபகம் வெச்சிருக்கா,” என்றார் மூத்தார்.

அவள் குனிந்து கூடையை எடுத்தாள். வாசலைத் தாண்டினாள். வேனின் முன்கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்து, பெல்ட்டை இழுத்து அதற்குமேலாகப் போட்டுக்கொண்டாள். நைந்த வீட்டுச் சேலை, அதில் நூல் துணுக்குகள், காலில் ஜோடி சேராத செருப்பு. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். மாமியார் வாசலில் நின்று மானம் போகிறது என்றாள். போகட்டும். எதிர்வீட்டு மாடியிலிருந்து மகள், “அம்மா, எங்க போறே?” என்று கத்தினாள். “வேலையா போறேன்,” என்று இவளும் கத்தினாள்.

மூத்தார் வர நேரம் ஆனது. அறையில் புதுப் பிளக்கை மாட்டி முடித்திருப்பார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு முறை இறுக்கியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. வந்தவர் வண்டிக்கு வெளியே, ஜன்னல் பக்கம் நின்றார். முகம் தொங்கியிருந்தது. சிரிப்பு இல்லாத அந்த முகத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை, வயதானவராகத் தெரிந்தார். ஒரு கணம் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இது?”

“எனக்கெப்படிம்மா…” என்றவர் அதை வாங்கினார். சுண்ணாம்புத் தெறிப்பை நகத்தால் சுரண்டினார். “டீச்சரம்மா வீடு,” என்றார் மெதுவாக. “மாடி ரூம். அப்ப வெள்ளை அடிச்சிட்டிருந்தாங்க.”

“இது?”

“மருந்துக் கடைக்காரர் வீடு. அவங்கப்பா படுத்த படுக்கை. அந்த ரூம்.”

நட்சத்திரம் ஒட்டினதை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. “இரட்டைப் பொண்ணுங்க,” என்றார். “பேங்குக்குப் பின்னாடி சந்து.” சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றி வந்து, ஏறி, சாவியைப் போட்டார்.

“முதல்ல எங்க?”

“நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?”

அவர் யோசிக்கவே இல்லை. “படுத்திருக்கறவரு வீடு,” என்றார். வண்டி கிளம்பியது. அவள் மடியிலிருந்து அடுத்ததை எடுத்தாள். சுத்தமாக இருந்தது, கறையோ கீறலோ எதுவுமில்லை. சந்து திரும்பும் இடத்தில் வண்டி நின்றபோது அதைக் காட்டினாள். அவர் வாங்கித் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், பின்பக்கம் பார்த்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

“இது வரலைம்மா,” என்றார். “இது எந்த வீடுன்னு தெரியலை.”

அவள் அதைத் திரும்ப வாங்கினாள். கூடையில் போட மனம் வரவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, இருவர் கண்ணிலும் படுகிற இடத்தில் தனியாக வைத்தாள். வண்டி திரும்பியபோது அது ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் கையை நீட்டிப் பிடித்தாள். அடுத்த திருப்பத்தில் மறுபக்கம் ஓடியது, அவர் பிடித்தார். தெருவின் இருபுறமும் வீடுகள். எல்லாவற்றிலும் ஜன்னல் திறந்திருந்தது, ஏதோ ஒன்றிலிருந்து இஸ்திரி போட்ட துணியின் வாசனை வந்தது.